வளைகுடாவில் முதல் வேலை: தாள் முதலில், பணம் கடைசியில்

இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. மாமா சென்றார், பக்கத்து வீட்டு அண்ணன் சென்றார் என்ற தைரியத்தில் பாஸ்போர்ட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விசா வந்ததும் சொல்வார் என்று காத்திருக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. முதன்முறை செல்பவருக்கு அங்கே நேரும் இன்னல்களில் பெரும்பாலானவை, இங்கே எந்தக் காரியத்தை எதற்கு முன் செய்தார் என்பதிலேயே முடிவாகிவிடுகின்றன. வழக்கமாக ஏஜென்ட் முதலில் முன்பணம் கேட்பார்; பிறகு மெடிக்கல், அதன் பிறகு விசா என்று நாள்கள் ஓடும்; ஒப்பந்தத் தாள் விமான நிலையத்தில்தான் கைக்கு வரும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எல்லாத் தாள்களையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாகக் காணலாம்.

முதற்படி: உங்கள் பாஸ்போர்ட் எந்த வகை?

இந்திய பாஸ்போர்ட்டுகளில் சிலவற்றில், குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். இதைத்தான் இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்கிறோம். குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் அந்தச் சோதனை தேவையில்லை என்று பொருள். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வேலைக்காகச் செல்லும்போது அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நாடுகள் 18 உள்ளன. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளும், நம்மவர்கள் மிகுதியாகச் செல்லும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

பத்தாம் வகுப்பில் தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் சான்றிதழை இணைக்காத காரணத்தால், தேறியவர்கள் பலரும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் சான்றிதழுடன் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். படிக்காதவர்கள் இ.சி.ஆர். முத்திரையை ஓர் இழுக்காகக் கருத வேண்டியதில்லை. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. உங்கள் ஒப்பந்தத்தை அரசு அலுவலர் ஒருவர் பார்த்த பிறகே நீங்கள் புறப்பட முடியும் என்பதுதான் அதன் பயன். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் இந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வயதை மாற்றிக் காட்டலாம் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பேச்சைத் தொடராமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் படி: வேலையின் பெயரும் விசாவின் வகையும்

‘நல்ல கம்பெனி, நல்ல சம்பளம்’ என்பது வேலையின் விவரம் ஆகாது. விசாவில் எழுதப்படும் தொழில் என்ன என்று கேளுங்கள். ஏ.சி. மெக்கானிக்காகப் பேசி அழைத்துச் செல்லப்பட்டவரின் விசாவில் ‘லேபர்’ என்று இருந்தால், அங்கே சட்டத்தின் கண்ணில் அவர் கூலியாள்தான். சம்பளப் பேச்சும் பின்னாளைய பதவி உயர்வும் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கும். வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன் போன்ற தொழில்களுக்குச் சவூதி அரேபியா இப்போது இந்தியாவிலேயே திறன் தேர்வு நடத்தி, தேறியவர்களுக்கு மட்டுமே வேலை விசா வழங்குகிறது. ஆகவே ஐ.டி.ஐ. சான்றிதழும், உள்ளூரில் பணிபுரிந்த நிறுவனத்தின் அனுபவக் கடிதமும் கையில் இருப்பது நல்லது.

விசாவின் வகை இதைக் காட்டிலும் முக்கியமானது. கம்பெனி விசாவில் செல்பவர் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார். வீட்டு ஓட்டுநர், சமையல்காரர், பணிப்பெண் ஆகியோருக்கான ஹவுஸ் விசாவில் செல்பவர்களுக்குப் பெரும்பாலும் தனி விதிகளே பொருந்தும். குவைத்தில் 18ஆம் எண் விசா தனியார் நிறுவனத்துக்கும், 20ஆம் எண் விசா வீட்டு வேலைக்கும் உரியவை. கம்பெனி ஓட்டுநர் வேலை என்று பேசிவிட்டு 20ஆம் எண் விசாவை நீட்டினால், அது வேறு வேலை, வேறு சட்டம், வேறு வாழ்க்கை.

‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் விற்கப்படுவது எந்த நாட்டின் சட்டத்திலும் இல்லாத ஒன்று. யாரோ ஒரு கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்நாட்டு முதலாளியின்) பெயரில் விசா எடுத்து, அவருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டு, வெளியில் கிடைத்த வேலையைச் செய்யும் ஏற்பாடு அது. கஃபீல் மனம் மாறி, தொழிலாளி ஓடிவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டால் போதும். சவூதியில் ‘ஹுரூப்’ எனப்படும் அந்தப் பதிவு விழுந்தவர், தாம் செய்யாத குற்றத்துக்காகத் தடுப்புக் காவலையும் நாடு கடத்தலையும் எதிர்கொள்ள நேரிடும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இதே வகைதான். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டவிரோதம் என்பதால், சம்பளம் தராவிட்டால் புகார் செய்யப் போகிறவரே முதல் குற்றவாளியாகிவிடுவார். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் புறப்பட்ட இளைஞர்கள், தமிழ்நாட்டினர் உட்பட, மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், 2022இல் இந்திய அரசு அது குறித்து எச்சரிக்கை விடுத்ததும் நினைவிருக்கலாம்.

மூன்றாம் படி: ஏஜென்ட்டைச் சரிபார்த்தல்

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் உரிம எண்ணை அதில் தேடி, பெயர், முகவரி, காலாவதி நாள் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புகாருக்கு உள்ளான உரிமமற்றவர்களின் பட்டியலும் அங்கேயே வெளியிடப்படுகிறது. ‘நான் சென்னை ஆபீஸுக்காகத்தான் ஆள் எடுக்கிறேன்’ என்று ஊரில் உலவும் சப்-ஏஜென்ட்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் உறவினராகவே இருந்தாலும், பணம் வாங்கும் உரிமை அவருக்கு இல்லை. சிரமம் பாராமல் உரிமம் பெற்ற அலுவலகத்துக்கு நேரில் ஒருமுறை போய் வந்துவிடுங்கள். பஸ் கட்டணத்தோடு முடியும் செலவு அது.

உரிமம் பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். நடைமுறையில் ஒன்று, ஒன்றரை லட்சம் கேட்கப்படுவது ஊரறிந்த செய்தி. ‘விசாவை அங்கே விலைக்கு வாங்குகிறோம்’ என்பார்கள். ஆனால் அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆளெடுப்புச் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது. சவூதி சட்டமும் விசா, இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) கட்டணங்களை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. இதைச் சொல்வதால் மட்டும் ஏஜென்ட் விலையைக் குறைத்துவிடமாட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் கூடுதல் தொகையை ரொக்கமாகக் கேட்கிறாரா, வங்கி வழியாகவா, ரசீது தருவாரா என்று கேட்கும்போது அவர் எத்தகையவர் என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

தனியாரை அணுகுமுன், தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வையுங்கள். செவிலியர், தொழில்நுட்பப் பணியாளர், ஓட்டுநர் போன்ற பணிகளுக்கு அது அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. அழைப்பு வரத் தாமதமாகலாம். ஆனால் அவ்வழியே செல்பவர் யாரிடம் பணம் கொடுத்தார் என்ற கேள்விக்கு இடமில்லை.

நான்காம் படி: ஒப்பந்தத்தைப் படித்தல்

முழு வழிகாட்டியிலும் ஓர் இடத்தில் மட்டும் நேரம் செலவிட முடியும் என்றால் இங்கே செலவிடுங்கள். ஒப்பந்தமோ, அதற்கு முந்தைய வேலை உத்தரவுக் கடிதமோ புறப்படுவதற்கு வாரங்களுக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். அமீரகத்தின் வேலை உத்தரவுப் படிவம் அரபு, ஆங்கிலத்துடன் தமிழ் உள்ளிட்ட வேறு சில மொழிகளிலும் கிடைக்கிறது. எனவே ‘அரபியில்தான் இருக்கும், உங்களுக்குப் புரியாது’ என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. அங்கே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், நீங்கள் இங்கே கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளம் 1,500 திர்ஹாம் என்று இரண்டு நிறுவனங்கள் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் அடிப்படை 600, மற்றவை படிகள் (அலவன்ஸ்); இன்னொன்றில் அடிப்படை 1,000. மாதச் சம்பளம் கைக்கு வரும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அமீரகத்தில் ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. எட்டு மணி நேர வேலைநாளுக்கு, அடிப்படை 600 உள்ளவருக்கு ஒரு மணி நேர ஓவர்டைம் கால் பங்கு கூடுதலுடன் ஏறத்தாழ 3 திர்ஹாம். அடிப்படை 1,000 உள்ளவருக்கு 5 திர்ஹாமுக்குச் சற்று மேல். பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடையும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் என்பதால், முன்னவருக்கு ஆண்டுக்கு 420 திர்ஹாமும் பின்னவருக்கு 700 திர்ஹாமும் சேரும். நிறுவனங்கள் படிகளை ஏன் உயர்த்திக் காட்டுகின்றன என்பது இப்போது விளங்கும்.

அடுத்து, சாப்பாடு யார் பொறுப்பு என்பது. ‘தங்குமிடம் இலவசம்’ என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். உணவு பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி உணவு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 ரியால் அதற்கு மேல் தர வேண்டும். மற்ற நாடுகளின் ஒப்பந்தங்களை எடைபோடவும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வேலை நேரம், வார விடுமுறை, ஒப்பந்தக் காலம், தகுதிகாண் காலம் (அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது), விடுப்புக்கு ஊர் வந்து செல்லும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு ஆகியவை ஒவ்வொன்றும் தாளில் இருக்க வேண்டும். ‘போனதும் பேசிக்கொள்ளலாம்’ என்று சொல்லப்படும் எதையும் இல்லாததாகவே கணக்கில் வையுங்கள்.

ஐந்தாம் படி: கடன் கணக்கு

ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட முடியும். பலர் இதைப் போடாமலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். சம்பளம் 1,200 திர்ஹாம், உணவு சொந்தச் செலவு என்று கொள்வோம். உணவுக்கு 350, போனுக்கும் கைச்செலவுக்கும் 100 போனால் மிச்சம் 750. திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 18,000 ரூபாய். ஒன்றரை லட்சத்தை நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியிருந்தால், முதல் மாத வட்டியே 4,500 ரூபாய். மிச்சம் முழுவதையும் கடனுக்கே அனுப்பினாலும் அடைத்து முடிக்கப் பத்து மாதங்கள் ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அந்தப் பத்து மாதமும் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. உள்ளூரில் 15,000 ரூபாய் சம்பளத்தில் இருப்பவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போகாமலேயே இருந்துவிடலாம், அது தோல்வியல்ல. நகைக்கடன் போன்ற குறைந்த வட்டிக் கடனாகவோ, சட்டப்படியான கட்டணம் வாங்கும் ஏஜென்ட் வழியாகவோ இருந்தால் இதே சம்பளத்துக்குப் போவதில் பொருள் இருக்கும்.

ஆறாம் படி: மெடிக்கல், சான்றொப்பம், அனுமதி

வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையை அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான் செய்ய வேண்டும். முன்பு காம்கா என்று அறியப்பட்டது இப்போது வாஃபித் இணையதளத்தின் வழியே பதிவு செய்யப்படுகிறது. எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு, இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவை தகுதியின்மைக்கு வழக்கமான காரணங்கள். இப்பரிசோதனையில் தேறும்வரை இங்குள்ள வேலையை விடாதீர்கள்.

பட்டம் அல்லது டிப்ளமோ தேவைப்படும் வேலை என்றால் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், பின்னர் அந்நாட்டுத் தூதரகம் என்று சான்றொப்பம் பெற வேண்டும். ஓமானும் பஹ்ரைனும், 2022 டிசம்பரிலிருந்து சவூதி அரேபியாவும் அப்போஸ்டில் முத்திரையை (பன்னாட்டு உடன்படிக்கைப்படி வெளியுறவு அமைச்சகம் இடும் சான்று) ஏற்றுக்கொள்வதால் அங்கே தூதரகச் சான்றொப்பம் தேவையில்லை. இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. வேலை உறுதியாகுமுன்பே தொடங்கலாம்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கான குடிபெயர்வு அனுமதியை இ-மைக்ரேட் தளத்தின் வழியே ஏஜென்ட்டோ முதலாளியோ விண்ணப்பித்துப் பெறுவார்கள். இதனுடன் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் பத்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பாலிசித் தாளை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். எடுத்த பாலிசி இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போய்விடும் வாய்ப்பு உண்டு. புறப்படுமுன் நடத்தப்படும் ஒருநாள் அறிமுகப் பயிற்சி சென்னையிலும் நடக்கிறது. வெறும் சடங்கு என்று தவிர்த்துவிடாமல் சென்று வாருங்கள்.

அனுமதி, விசா, ஒப்பந்தம் மூன்றிலும் பெயர், தொழில், சம்பளம் ஆகியவை ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு, ஏஜென்ட்டுக்கான தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள்.

இறங்கிய பிறகு

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் படங்களை உங்கள் மின்னஞ்சலிலும், வீட்டில் ஒருவரின் போனிலும் வைத்திருங்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அமீரகம், கத்தார், சவூதி மூன்றிலும் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் பரவலாக நடக்கிறது. சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். சம்பளப் பாதுகாப்பு முறை என்ற பெயரில் அமீரகம் 2009இலும், பின்னர் சவூதியும் கத்தாரும் கொண்டுவந்த ஏற்பாடு அது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பதையும் அறிந்திருங்கள்.

சம்பளம் வராமல் போனால், முதல் மாதத்திலேயே அந்நாட்டுத் தொழிலாளர் துறையில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நான்கைந்து மாதம் பொறுத்தவருக்குச் சேருவது பாக்கித் தொகை மட்டுமே. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகார் பதியலாம். துபாய், ரியாத், ஜித்தா நகரங்களில் பிரவாசி பாரதிய உதவி மையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து குடும்பத்தினர் 1800 11 3090 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இத்தகைய புகார்களைத் தூதரகத்துக்குக் கொண்டு செல்கிறது. வேலையிடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் புகாரைப் பதிவு செய்துவிடுவது முக்கியம். வெளியேறிய பிறகு செய்தால், ஓடிப்போனவர் என்ற முதலாளியின் புகார் முந்திக்கொண்டிருக்கும்.

முதல் ஒப்பந்தத்துக்குப் பின்

ஹெல்பராகச் சென்றவர் ஹெல்பராகவே திரும்புவது அடிக்கடி நிகழ்கிறது. சம்பளம் உயர்வதற்கு அங்கே பெரும்பாலும் சான்றிதழே வழி. கட்டுமானத்திலும் எண்ணெய் நிறுவனங்களிலும் ரிகர் (கிரேனில் பளு கட்டுபவர்), ஸ்கஃபோல்டர் (சாரம் கட்டுபவர்), கிரேன் ஆப்பரேட்டர் பணிகளுக்கு மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் தேர்வு வைத்துச் சான்றளிக்கின்றன. ஓட்டத் தெரிந்தவருக்கு அந்நாட்டு ஓட்டுநர் உரிமமே ஒரு பதவி உயர்வு. பணம் சேரட்டும் என்று இவற்றைத் தள்ளிப்போடாமல், கடன் அடைந்த அடுத்த மாதமே தொடங்குங்கள். விடுப்பில் ஊர் வரும்போது படிப்பதற்காகப் தொழிலிடப் பாதுகாப்பு (சேஃப்டி) படிப்புகளை நடத்தும் நிறுவனங்கள் திருச்சி, சென்னையில் நிறைய உண்டு. சேருமுன் அந்தச் சான்றிதழை நீங்கள் செல்லும் நாட்டின் நிறுவனங்கள் கேட்கின்றனவா என்பதை, அங்கே அதே வேலையில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளியை மாற்றுவதும் இப்போது முன்போலக் கடினமில்லை. கத்தார் 2020 செப்டம்பரில் ‘என்.ஓ.சி.’ (பழைய முதலாளியின் ஆட்சேபமின்மைச் சான்று) தேவையை நீக்கியது. சவூதியில் 2021 மார்ச்சிலிருந்து, நிறுவனங்களில் வேலை செய்வோர் ஓராண்டு முடிந்ததும், உரிய முன்னறிவிப்புக் கொடுத்துப் பழைய முதலாளியின் சம்மதமின்றியே மாற முடிகிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. மாறுவதானால் புதிய நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான வேலை உத்தரவு, பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ், பணிக்கொடைக் கணக்கு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகு இறுதித் தாளில் கையெழுத்திடுங்கள். எல்லா பாக்கியையும் பெற்றுக்கொண்டதாக அதில் ஒரு வரி இருக்கும். தொகை வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்க்கும்வரை அந்த வரியின் கீழ் பேனாவை வைக்க வேண்டாம்.